கூட்டை விட்டுப் போகாத மீன்

(சபையின் ஆண்டு விழாவையொட்டி நடந்த குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "அண்ணன், குடும்பக் கூடுகையில நீங்க இருபது நிமிஷம் பேசணும்" என்று கேட்டபோது, "எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாதே" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "பிரசங்கத்துக்கு ஆயர் இருக்காங்க. நீங்க வருஷா வருஷம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறீங்கல்ல, அதைப் பத்திப் பேசுங்க" என்றார்கள். ஆகவே இன்று மீனைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கடைசியில் ஒரு மீன் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பிள்ளைகளே, உங்கள் முன்னால் தண்ணீர் பாட்டில் இருக்கிறது அல்லவா? நம்முடைய ஆலயச் சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீர். அது எங்கேயிருந்து வருகிறது? "குழாயிலிருந்து" என்று ஒரு தம்பி சொல்கிறான். சரிதான். குழாய்க்கு எங்கேயிருந்து வருகிறது?

பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 65 மைல் தூரத்தில் குவாபின் என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. குவாபின் என்பது நிப்முக் பூர்வகுடி மக்களின் சொல்லிலிருந்து வந்த பெயர். நிறையத் தண்ணீர் கூடும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அங்கேயிருந்து மலைக்கு அடியில் வெட்டிய சுரங்கக் குழாய் வழியாக வாசூசெட் நீர்த்தேக்கத்துக்கு வந்து, அங்கேயிருந்து நமக்கு வருகிறது. பாஸ்டனையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த ஏறக்குறைய 30 லட்சம் பேர் குடிக்கிற தண்ணீர் அது.

எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் தெரியுமா? 41,200 கோடி கேலன். நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புரியும்படி சொன்னால் சுமார் 55 டி.எம்.சி. நம்முடைய மேட்டூர் அணை 93 டி.எம்.சி.யைத் தாண்டும். ஆகவே மேட்டூர்க்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஏரி தானாக உண்டான ஏரி அல்ல. ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டேனா, என்ஃபீல்டு, கிரீன்விச், பிரெஸ்காட் என்று நான்கு ஊர்கள் இருந்தன. பாஸ்டனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்த ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 2,500 பேர் வீட்டையும் வயலையும் விட்டுப் போனார்கள். கல்லறைகளையும் விடவில்லை, 7,500க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 1938 ஏப்ரல் 27ஆம் தேதி இரவு என்ஃபீல்டு ஊர் மண்டபத்தில் கடைசியாக ஒரு விருந்து வைத்து எல்லாரும் கூடினார்கள். நள்ளிரவு மணி அடித்தவுடன் நான்கு ஊர்களும் சட்டப்படி இல்லாமல் போயின. அடுத்த வருஷம் தண்ணீர் தேக்கத் தொடங்கி, 1946இல் ஏரி நிறைந்தது.

தண்ணீருக்கு அடியில் இன்னும் ஆலயக் கோபுரம் நிற்கிறது என்று சிலர் கதை சொல்வார்கள். அது உண்மையல்ல. கட்டடங்களை எல்லாம் இடித்தோ பெயர்த்துக்கொண்டு போயோ சுத்தம் பண்ணின பிறகுதான் தண்ணீர் விட்டார்கள். மேட்டூரில்தான் அப்படி உண்டு. 1934இல் கட்டி முடித்த அந்த அணையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரம் வெளியே தெரியும். குவாபினில் மிச்சம் இருப்பது பழைய சாலைகள். காட்டுக்குள் நடந்து போனால் சாலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்து போகும். அந்தச் சாலை ஓரத்தில்தான் நாங்கள் தூண்டில் போடுகிறோம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அது பல பேர் விட்டுக்கொடுத்த இடம், பல பேர் குடிக்கிற தண்ணீர். அங்கே போகிறவர்கள் அந்த நினைப்போடு போக வேண்டும். குளிக்கக் கூடாது, நீந்தக் கூடாது, நாய் கொண்டு போகக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. பிரியாணி அண்டா எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணலாமா என்று போன வருஷம் ஒரு அக்கா கேட்டார்கள். கூடாது, அக்கா. புளியோதரை கட்டிக்கொண்டு போவோம்.

இனி மீன் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

படகு இல்லையே என்று நினைக்க வேண்டாம். கரையில் நின்று பிடிக்கிறவனுக்குப் படகுக்காரனுக்குக் கிடைக்காத சில மீன்கள் கிடைக்கும். குவாபினில் ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மீன் பிடிக்க விடுவார்கள். எண் போட்ட வாயில்கள் இருக்கின்றன. எந்த வாயில் வழியாகப் போய் எந்தக் கரையில் பிடிக்கலாம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். எல்லாக் கரையும் திறந்தது அல்ல. பிரெஸ்காட் தீபகற்பம் முழுவதும் மூடியது. 15 வயது ஆனவர்களுக்கு உரிமச்சீட்டு வேண்டும். 15 முதல் 17 வரை உள்ளவர்களுக்கும் 70 வயது தாண்டியவர்களுக்கும் அது இலவசம். ஆகவே தாத்தாமார் யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

என்ன மீன் கிடைக்கும்? ஆழத்தில் பெரிய டிரவுட், சால்மன் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் படகு வேண்டும். கரையில் நிற்கிற நமக்கு இரண்டு கூட்டம். ஒன்று பாஸ். இன்னொன்று பான்ஃபிஷ், அதாவது பொரிக்கிற சட்டிக்குள் அடங்குகிற சின்ன மீன்கள்.

பான்ஃபிஷில் முதலாவது பம்ப்கின்சீட். வயிறு ஆரஞ்சு நிறம், செவுளின் ஓரத்தில் குங்குமப் பொட்டு வைத்தது போலச் சிவப்புப் புள்ளி. இரண்டாவது ப்ளூகில். அதற்குச் சிவப்புப் பொட்டு கிடையாது, கருப்பு மடல்தான். மூன்றாவது யெல்லோ பெர்ச், மஞ்சள் உடம்பில் புலிக்குப் போல் பட்டை. நான்காவது ராக் பாஸ், கண் சிவப்பாக இருக்கும்.

பாஸில் இரண்டு வகை. வாயை மூடினால் தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத், பெரிய வாய்க்காரன். கண்ணோடு நின்றால் ஸ்மால்மவுத், சின்ன வாய்க்காரன். குவாபின் மாதிரி பாறையும் தெளிந்த தண்ணீரும் உள்ள இடம் சின்ன வாய்க்காரனுக்கு மிகவும் பிடிக்கும். பாறை இடுக்கில் இருக்கிற நன்னீர் நண்டு மாதிரியான கிரேஃபிஷ்தான் அவனுக்குப் பிரியாணி.

ஒரு வேடிக்கை. பம்ப்கின்சீட்டும் பெர்ச்சும் இந்த மாகாணத்தின் சொந்த மீன்கள். பாஸ் இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. ப்ளூகில்லும் வந்ததுதான். நம்மைப் போலவே குடியேறி வந்து, இப்போது இந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு ஐந்தரை அல்லது ஆறடிக் கம்பு போதும். 6 பவுண்டு நரம்பு, 8ஆம் எண் முள், சிவப்பும் வெள்ளையுமான ஒரு சின்னத் தக்கை. தக்கைக்குக் கீழே இரண்டு மூன்று அடி நரம்பு விட்டால் போதும். முழு மண்புழுவைக் கோக்காதீர்கள். ப்ளூகில்லுக்கு வாய் சின்னது. தொங்குகிற பாகத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். அரைப் புழு போதும். தக்கை ஆடும்போது இழுக்காதீர்கள். தக்கை உள்ளே முங்கினால் இழுங்கள்.

நரம்பில் கட்டுகிற குண்டு ஈயமாக இருக்கக் கூடாது. ஊரில் நாம் எல்லாரும் ஈயக்குண்டுதான் கட்டினோம். இங்கே தகரக் குண்டோ எஃகுக் குண்டோ வாங்குங்கள். குவாபினில் லூன் என்று ஒரு நீர்ப்பறவை இருக்கிறது. கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, இரவில் அழுவது போன்ற குரல். இந்த மாகாணத்திலேயே இல்லாமல் போயிருந்த பறவை, 1975இல் திரும்ப வந்து கூடு கட்டினது இந்தக் குவாபினில்தான். அது இரையை அரைப்பதற்காகக் கூழாங்கல்லை விழுங்கும். கல்லென்று நினைத்து ஒரே ஒரு ஈயக்குண்டை விழுங்கினாலும் விஷம் ஏறிச் செத்துப் போகும். அதனால்தான் ஒரு அவுன்சுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளை 2012 முதல் மாசசூசெட்ஸ் நன்னீரில் எங்குமே தடை செய்திருக்கிறார்கள். வெட்டின நரம்பையும் கரையில் போடாதீர்கள். பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும்.

கரைக்குப் போனவுடன் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஓடிப்போய்த் தண்ணீர் விளிம்பில் நின்று, முடிந்த மட்டும் தூரத்துக்கு எறிவார்கள். மீன் எல்லாம் நடு ஏரியில் இருக்கிறது என்று நினைப்பு. படகில் போகிறவர்களோ கரையைப் பார்த்து எறிகிறார்கள்! உண்மையில் காலையிலும் சாயங்காலத்திலும் மீன் நம் காலடியில்தான் இருக்கும். ஓடின சத்தத்திலும் நிழல் விழுந்ததிலும் அது போய்விடும். ஆகவே பத்தடி தள்ளி நின்று, முதல் எறி கரையை ஒட்டியே எறியுங்கள். விழுந்த மரம், பாறைக் குவியல், மேடு முடிந்து பள்ளம் தொடங்குகிற இடம், இவைதான் மீனுக்கு வீடு. எறிவதற்கு முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நீளக் காற்சட்டை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாமார் பிள்ளைகளின் காதுக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த மீனுக்கு வருகிறேன். இதைச் சொல்ல என் மகனிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அவன் பின் வரிசையில் வாலிபர்களோடு உட்கார்ந்திருக்கிறான். இந்த மாதக் கடைசியில் கல்லூரிக்குப் போகிறான்.

அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அந்த நாட்களில் என் வேலை வேறு ஊரில். திங்கட்கிழமை விடியற்காலையில் விமானம் ஏறுவேன். வியாழக்கிழமை இரவு திரும்புவேன். இரண்டு வருஷம் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அலுப்பு, சனிக்கிழமை தூக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. திங்கள் காலை அவன் எழுந்திருக்கும்போது நான் ஆகாயத்தில் இருப்பேன்.

மே மாதக் கடைசியில் ஒரு நீண்ட வார இறுதி வந்தது. அவன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று குவாபினுக்குப் போனோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கரையிலிருந்து இரண்டு கஜ தூரத்தில், முழங்கால் ஆழத்தில், மணலும் கூழாங்கல்லும் கலந்த தரையில் வட்டமாக, யாரோ துடைத்துக் கழுவின தட்டு மாதிரி ஓர் இடம். அதன் நடுவில் ஒரு பெரிய ஸ்மால்மவுத் பாஸ் நின்றது. நாங்கள் கிட்டே போயும் அது ஓடவில்லை. கொஞ்சம் விலகி, உடனே திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடாத மீன்! தூண்டிலைக் கண் முன்னாலேயே போட்டேன். உடனே பாய்ந்து கடித்தது. பதினெட்டு அங்குலம் இருக்கும். சட்டம் 12 அங்குலத்துக்கு மேல் ஐந்து பாஸ் வரை அனுமதிக்கிறது. ஆகவே சட்டப்படி நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. மீனை வாளித் தண்ணீரில் போட்டேன். மகனைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன், நான் பிடித்துக்கொண்டு அவனை எடுக்கச் சொன்னேன், ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும்.

"அப்பா, இங்க வாங்க" என்றான். குரல் மாறியிருந்தது. போய்ப் பார்த்தேன். அந்தத் தட்டு மாதிரி இடத்தில் பத்துப் பன்னிரண்டு சின்ன மீன்கள், ப்ளூகில்லும் பெர்ச்சும், தலையைக் கீழே குத்தி வேக வேகமாக எதையோ கொத்திக்கொண்டிருந்தன. "அதெல்லாம் முட்டை சாப்பிடுதுப்பா. இது அதோட வீடுப்பா" என்றான். அழ ஆரம்பித்துவிட்டான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மீனைத் தண்ணீரில் விட்டேன். ஒரு நொடி அசையாமல் கிடந்தது. பிறகு அம்பு மாதிரிப் பாய்ந்து அந்தச் சின்ன மீன்களைச் சிதறடித்தது. வட்டத்தின் நடுவில் வந்து நின்று, மறுபடியும் துடுப்பை மெதுவாக வீசிக்கொண்டே இருந்தது. முட்டைகளில் எவ்வளவு மிச்சம் இருந்ததோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் அவன் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அது எத்தனை நாள் அங்கேயே நிக்கும்?" எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு, வேறு ஊரில், ஹோட்டல் அறையில் இருந்தேன். போன் பண்ணினான். பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்திருக்கிறான்.

"அப்பா, அது அப்பா மீனாம். அம்மா மீன் முட்டை போட்டுட்டுப் போயிடுமாம். அப்பாதான் வாலாலயே கூடு சுத்தம் பண்ணுமாம். முட்டை பொரிஞ்சு குஞ்சு பெரிசாகிற வரைக்கும் வாரக்கணக்கா அங்கேயே நிக்குமாம். சரியா சாப்பிடக்கூட போகாதாம். நம்ம தூண்டிலைக் கூட பசியில கடிக்கலையாம். கூட்டுக்கிட்ட எதுவும் வரக் கூடாதுன்னு கடிச்சுதாம்."

"அப்படியா ராஜா" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "நீங்க எப்போ வருவீங்க?" என்று கேட்டான்.

"வியாழக்கிழமை" என்றேன்.

அவன் குற்றம் சொல்லவில்லை. எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டான். ஆனால் போனை வைத்த பிறகு வெகு நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தகப்பனார் ஊரில் விரால் பிடிப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களில் விரால் குஞ்சுகள் செக்கச் சிவந்த கூட்டமாக மேலே வந்து போகும்; அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சமயத்தில் தூண்டில் போட்டால் விரால் நிச்சயம் கடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்பா மட்டும், "குஞ்சோட நிக்கிறதை எடுக்காதல" என்பார். நாற்பது வருஷம் அதை மறந்து போயிருந்தேன்.

வேலையை மாற்ற எனக்கு நாலு மாதம் ஆனது. சம்பளம் குறைந்தது. வீட்டில் சில கணக்குகளைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் தாமதமாகத்தான் செய்தேன். மாற்ற முடியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரவு ஷிஃப்ட் பார்க்கிற நர்ஸ் சகோதரிகள், விசாவுக்காக ஒரே கம்பெனியில் மாட்டிக்கொண்டிருக்கிற தம்பிமார், ஊரில் கடன் உள்ளவர்கள். உங்களைக் குற்றப்படுத்த நான் யார்? அந்த மீனுக்கு வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. ஆனாலும் வீட்டில் இருக்கிற நேரத்திலாவது வீட்டில் இருக்கலாம் அல்லவா? அன்றைக்கு நான் மகன் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாட்ஸ்அப்பில்தான் இருந்தேன். கூட்டைப் பார்த்தவன் அவன்.

அந்த வருஷம் முழுவதும் அவன் மீன் பிடிக்க வரவில்லை. அடுத்த கோடையில் அவனே வந்து, "அப்பா, கூடு எல்லாம் முடிஞ்ச பிறகு போகலாமா?" என்றான். அன்று தொடங்கினதுதான் ஓய்வுநாள் பள்ளிப் பயணம். இப்போது எங்களுக்கு எழுதாத சில சட்டங்கள் உண்டு.

முதலாவது, மே கடைசியிலும் ஜூனிலும் கரையோரத்தில் தட்டு மாதிரி வட்டத்தையும் அதன் மேல் நிற்கிற மீனையும் கண்டால் தூண்டில் போட மாட்டோம். உட்கார்ந்து பார்ப்போம். தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானால் பாஸ் கூடு போடும். இன்னும் சூடானதும் பம்ப்கின்சீட்டும் ப்ளூகில்லும் பக்கத்துப் பக்கத்தில் தெரு மாதிரி வரிசையாகப் போடும். அங்கேயும் தகப்பன்தான் காவல். உள்ளங்கை அளவு மீன், தன்னைவிடப் பெரிய மீனை விரட்டும். அதைப் பார்ப்பது பிடிப்பதைவிடச் சந்தோஷம்.

இரண்டாவது, முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவோம். கையை நனைத்த பிறகுதான் மீனைத் தொடுவோம். காய்ந்த கை பட்டால் அதன் வழவழப்புத் தோல் போய் நோய் வந்துவிடும். மீனைத் தூக்கினவுடன் நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டினால் அதற்கும் முட்டுகிறது, விட்டுவிடுங்கள். முள்ளை ஆழமாக விழுங்கிவிட்டால் பிடுங்காதீர்கள், நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அம்மாமாரே, இதைக் கவனமாகக் கேளுங்கள். முதல் வருஷம் என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த எங்களைப் பார்த்து, "ஏல, இத்தனை மீனையும் தண்ணிக்குள்ளயா விட்டுட்டு வந்திய? ஒரு குழம்புக்குக்கூடவா ஆவல?" என்று கேட்டார்கள். பேரன்தான் ஆச்சிக்கு விளக்கினான். நிலக்கரிப் புகையிலும் மற்றப் புகையிலும் இருந்து பாதரசம் காற்றில் வந்து, மழையோடு ஏரியில் இறங்குகிறது. பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கும், சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறி ஏறிச் சேருகிறது. வயதான பெரிய பாஸில்தான் அதிகம். தண்ணீரைக் குடிக்கலாம், பயமில்லை. ஆனால் இந்த மாகாணத்து ஏரி ஆறுகளில் பிடித்த மீனை 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும், கர்ப்பமாக இருக்கிறவர்களும், பால் கொடுக்கிற தாய்மாரும் சாப்பிட வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. பண்ணையில் வளர்த்து விடுகிற டிரவுட்டுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்களும் அந்தந்த ஏரிக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். ஆகவே குழம்புக்கு மீன் கடையிலிருந்து வரட்டும். ஆச்சிக்கு அன்று வஞ்சிரம் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம்.

என் நேரம் முடிகிறது. ஆயர் அவர்கள் இருக்கிற இடத்தில் வேதத்திலிருந்து ஒரே ஒரு காரியம் சொல்லிக்கொள்கிறேன். திபேரியா கடலில் சீஷர்கள் இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் அகப்படாத அந்தக் காலையில், கர்த்தர் எங்கே இருந்தார்? கரையில் நின்றார். 153 மீனை நாம் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அவர்கள் வந்து சேருவதற்கு முன்பே கரையில் நெருப்பு போட்டு, மீனும் அப்பமும் வைத்து, ஒருவர் காத்துக்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். களைத்து வருகிறவர்களுக்காகக் கரையில் ஒருவர் இருக்க வேண்டும். சில நாள் அந்த ஒருவராக இருக்கிற முறை நம்முடையது.

கூடு போடுகிற காலம் முடிந்து, வருகிற ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை போகிறோம். பெயர் கொடுக்கத் தாள் வாசலில் இருக்கிறது. கம்பு இல்லாதவர்களுக்கு என்னிடம் ஆறு கம்பு உண்டு. புழுவும் நானே கொண்டு வருகிறேன். அப்பாமாருக்கு ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளையைக் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போகக் கூடாது, கூடவே நிற்க வேண்டும். போனைக் காருக்குள் வைத்துவிட்டு வாருங்கள். படம் எடுக்க இந்த வருஷம் என் மகன் இருக்க மாட்டான். யாராவது ஒரு வாலிபத் தம்பி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவன் கல்லூரி விடுமுறைக்கு வியாழக்கிழமைகளில்தான் வர முடியுமாம். "பரவாயில்லை ராஜா, நான் வீட்ல இருப்பேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

 கர்த்தர் நம் சபையின் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.